காருக்கு நாடி பார்க்க எண்ணூறு ரூபாய்

காரின் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் எரிந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். அது அணையாமல் நின்றுவிட்டாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எரிந்தாலோ நம்மவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சில வருஷங்களாகக் கவனித்து வருகிறேன். சிலர் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறார்கள். ஒருவர் அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, பக்கத்தில் முருகன் படமும் வைத்திருக்கிறார். மற்றவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிறார்கள். அங்கே ‘ஸ்கேனிங்’ என்று முதலில் ஒரு தொகை வாங்குகிறார்கள். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறார்கள். பிறகு எஸ்டிமேட் வருகிறது. அந்த எஸ்டிமேட்டைப் படித்து, ‘இது எதற்காக?’ என்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

விளக்கு ஏன் எரிகிறது என்று தெரிந்துகொள்ள இன்று பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. வீட்டு மேஜை டிராயரில் கிடக்கும் பழைய ஆன்ட்ராய்டு செல்போன் அல்லது பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கி ஒதுக்கிப் போட்ட டேப்லெட் ஒன்று போதும். அதோடு எண்ணூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளக் ஒன்று. இந்த இரண்டும் நம் குடும்பங்களின் கைக்கு வர வேண்டும். அதைவிட முக்கியமாக, மும்பையில் நம்மவர்கள் நடத்தும் சிறிய கராஜ்களுக்கு வந்தாக வேண்டும் என்பது என் கருத்து. ‘அது விளையாட்டுச் சாமான்’ என்று சிலர் சொல்கிறார்கள். ‘அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் ஆபத்து’ என்று வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் காற்று கெட்டுப்போய், கார்களின் புகையைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. புகையைக் கூட்டும் கோளாறு ஏதாவது ஏற்பட்டால் கார் தானே கண்டுபிடித்து விளக்கைப் போட வேண்டும் என்று 1988 மாடல் கார்களிலிருந்து அங்கே விதி செய்தார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பாஷை பேசியது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரிப் பதினாறு துளை சாக்கெட், ஒரே மாதிரிக் கோளாறு எண்கள் என்று ஆக்கினார்கள். அதற்கு ஓ.பி.டி. இரண்டு என்று பெயர். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001ல் வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010ல் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது இன்னும் இறுகியது. ஆக, உங்கள் கார் 2013க்குப் பிறகு வாங்கியதென்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், அந்தச் சாக்கெட் கட்டாயம் இருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும்.

அந்த வாசலை நமக்காகத் திறந்து வைக்கவில்லை. காற்றுக்காகத் திறந்து வைத்தார்கள். ஆனால் திறந்த வாசல் வழியாக யாரும் போகலாம். இன்றைய காரில் கம்பெனியின் தயவில்லாமல் நாம் எட்டிப் பார்க்கக்கூடிய ஜன்னல் அநேகமாக இது ஒன்றுதான்.

நாம் செருகும் பிளக்குக்குள் ஒரு சில்லு இருக்கிறது. ஈ.எல்.எம். 327 என்பது அதன் பெயர். கனடாவில் ஒரு சிறிய கம்பெனி செய்தது. முதல் பதிப்பில் நகல் எடுக்க முடியாதபடி பூட்டுப் போடாமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், சீனாவில் லட்சக்கணக்கில் நகல் செய்து தள்ளிவிட்டார்கள். அசல் செய்தவர்கள் 2022ல் கடையை மூடிவிட்டார்கள். நகல்கள் மட்டும் உலகமெங்கும் ஓடுகின்றன. நியாயம் எது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு: பெட்டியின்மேல் ‘பதிப்பு 1.5’ என்று போட்டிருக்கும். அசல் கம்பெனி அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை! ஆனாலும் 1.5 என்று விற்பவை ஓரளவு வேலை செய்கின்றன; 2.1 என்று போட்டு மிக மலிவாக வருபவற்றில் பலவற்றுக்குப் பாதிக் கட்டளைகள் புரிவதில்லை. லாமிங்டன் ரோட்டில் வாங்கினால் மாற்றித் தருவாரா என்று கேட்டு வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்போருக்கு இன்னொன்று: பழைய வகை புளூடூத் பிளக் ஐபோனோடு சேராது. வைஃபை வகையோ, புளூடூத்தின் புதிய குறைமின் வகையோதான் வேண்டும். ஆன்ட்ராய்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. டார்க், கார் ஸ்கேனர் போன்ற செயலிகளில் இலவசப் பதிப்பே வீட்டு உபயோகத்துக்குப் போதும். டேப்லெட் ரொம்பப் பழசாக இருந்தால் புதிய செயலி ஏறாது. வாங்குமுன் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை செய்யும் விதம் எளிது. ‘01 05’ என்று செயலி கேட்கிறது. எஞ்சின் தண்ணீர் எவ்வளவு சூடு என்று அர்த்தம். கார் ‘41 05 82’ என்று பதில் சொல்கிறது. கடைசி 82 என்பது கம்ப்யூட்டர்க் கணக்கில் நம்முடைய 130. அதில் 40 கழித்தால் 90 டிகிரி. இதே மாதிரி எஞ்சின் சுற்று, வேகம், உள்ளே போகும் காற்று, ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட் என்று டஜன் கணக்கில் கேட்கலாம். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் லட்ச ரூபாய் இயந்திரம் கேட்டாலும் இந்தக் கேள்விகளுக்குக் கார் இதே பதிலைத்தான் சொல்லும். அந்த இயந்திரம் இன்னும் ஆயிரம் கேள்வி கேட்கும், சில கட்டளைகளும் இடும் என்பது வாஸ்தவம். ஆனால் மஞ்சள் விளக்கு சம்பந்தப்பட்ட அடிப்படைக் கேள்விகளுக்கு நம் மலிவு டேப்லெட் குறைந்ததல்ல.

கோளாறு எண்ணைப் பற்றித்தான் மிகவும் தவறான எண்ணம் பரவியிருக்கிறது. நான் டிப்ளமா படித்துவிட்டு டீசல் லோகோ ஷெட்டில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன். வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவரும் டிரைவர், வழியில் கண்டதை ரிப்பேர் புத்தகத்தில் எழுதி வைப்பார். ‘லோடு மீட்டர் ஏறவில்லை’ என்று எழுதியிருந்தால் மெயின் ஜெனரேட்டரைக் கழற்றிப் போடச் சொல்ல மாட்டோம். ஒரு கான்டாக்டர் முனை கரிந்திருக்கலாம், ஒரு வயர் தளர்ந்திருக்கலாம், கவர்னரில் எண்ணெய் குறைந்திருக்கலாம். டிரைவர் எழுதியது அவர் கண்ட அறிகுறி. நோயைக் கண்டுபிடிப்பது ஷெட்டின் வேலை. 1999ல் டபிள்யூ.டி.ஜி. 4 எஞ்சின்கள் அமெரிக்காவிலிருந்து வந்தபோது அவற்றில் கம்ப்யூட்டரும் திரையும் இருந்தன. கோளாறு நடந்த நேரம், அப்போது எஞ்சின் இருந்த நிலை எல்லாம் அதில் பதிந்திருக்கும். ‘இனி மூளைக்கு வேலை இல்லை’ என்று சிலர் நினைத்தார்கள். அந்தத் திரை, தூங்காத, பொய் சொல்லாத ஒரு டிரைவர், அதற்குமேல் ஒன்றுமில்லை. திரையில் வந்த பெயரைப் பார்த்துச் சாமானை மாற்றியவர்களின் வண்டி மறுபடியும் ஷெட்டுக்கு வந்தது.

காரிலும் இதே கதைதான். பி 0420 என்று ஓர் எண் உண்டு. ‘கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது’ என்பது அதன் பொருள். நம் சங்கத்து உறுப்பினர் ஒருவருக்கு இந்த எண் வந்தது. கன்வர்ட்டர் மாற்ற வேண்டும், ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். (பெயர் வேண்டாம்; எங்கும் நடப்பதுதான்.) அவர் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் கை வைக்க இருந்தார். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் பைப் தொடங்கும் இடத்தில் காது கொடுத்தால் ‘டிக் டிக்’ என்று ஒரு கசிவுச் சத்தம். கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள ஜாயின்ட்டில் விரிசல். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, ஆக்சிஜன் சென்சாருக்குத் தவறான கணக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தது. வெல்டிங் வைத்துப் புது கேஸ்கெட் போட ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. எண்ணை அழித்துவிட்டு ஓட்டினார். பல மாதம் ஆகியும் விளக்கு திரும்பவில்லை. கன்வர்ட்டர் கெட்டே போகாது என்று நான் சொல்லவில்லை, கெட்டுப் போகும். மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

இப்போது கராஜ் விஷயத்துக்கு வருகிறேன். என் மனத்தில் இருப்பது முக்கியமாக இதுதான்.

ஆன்டாப் ஹில் பக்கம் நம்மவர் ஒருவர் சிறிய ஷெட் வைத்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். பதினாலு வயதில் பம்பாய்க்கு வந்து, பிரீமியர் பத்மினி டாக்ஸியில் கை பழகியவர். ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து எந்த டேப்பட் சத்தம் போடுகிறது என்று சொல்லிவிடுவார். பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோடு இந்த ஊர் வீதிகளிலிருந்து விடைபெற்றது. அதற்கு வெகு முன்பே கார்புரேட்டர் போய்விட்டது. ‘கம்ப்யூட்டர் வண்டி நமக்கு ஒத்துவராது அண்ணாச்சி’ என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார். மஞ்சள் விளக்கு எரிகிற வண்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பஞ்சர் என்று வேலை சுருங்கிக்கொண்டே வந்தது. மகன் பத்தாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவன். அப்பாவின் ஷெட்டில் எதிர்காலமில்லை என்று சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகும் மோட்டார் சைக்கிள் வேலைக்குப் போய்விட்டான். இந்த ஊரில் நம்மவர் கராஜ்கள் பலவற்றின் கதை இதுதான்.

ஒருநாள் அங்கே வெளியில் சி.என்.ஜி. கிட் மாட்டிய பழைய சிறிய கார் ஒன்று நின்றது. விளக்கு எரிந்தது. எண் பி 0171; கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அர்த்தம். ஏற்கெனவே இரண்டு இடத்தில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருந்தார்கள். பத்து நாளில் விளக்கு மறுபடியும் வந்துவிட்டது. அன்று மகன் விடுமுறையில் ஷெட்டில் இருந்தான். என் பழைய டேப்லெட்டை அவன் கையில் கொடுத்தேன். ‘ஃப்யூயல் டிரிம்’ என்று ஒரு கணக்கு அதில் வரும். சமையலறையில் ருசி பார்த்து உப்பைக் கூட்டிக் குறைப்பதுபோல், கார்க் கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சாரின் ருசியைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்று அது சொல்லும். இரண்டு கணக்கு உண்டு, உடனடியானது ஒன்று, பழகிப்போனது ஒன்று. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பத்து சதவீதத்துக்குள் கூடவோ குறையவோ இருந்தால் பயமில்லை.

வண்டியைப் பெட்ரோலில் கால் மணி நேரம் ஓட்டினோம். கணக்கு மெல்ல இறங்கி 3, 4 என்று நின்றது. கேஸுக்கு மாற்றினோம். கொஞ்ச நேரத்தில் 12, 18, 23 என்று ஏறத் தொடங்கியது. பையன் எண்களை உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். பின் சீட்டிலிருந்த அப்பா, ‘அப்போ சென்சார் நல்லாத்தான்லே இருக்கு. பெட்ரோல்ல சரியா இருக்குல்லா. கேஸ்தான் எங்கயோ அடைக்குது’ என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி கேஸ் லைனில் உள்ள ஃபில்டரைக் கழற்றினார். கறுப்புக் களிம்பாக அடைத்துக்கொண்டிருந்தது. புதிய ஃபில்டர் முந்நூறு ரூபாய்க்குள்.

இரண்டு இடத்தில் சென்சாருக்குக் கொடுத்த காசு வண்டிக்காரருக்குப் போனது போனதுதான். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. பையனுக்கு எஞ்சின் தெரியாது; திரையைப் படிக்கத் தெரியும். அப்பாவுக்குத் திரை பயம்; எஞ்சின் கரதலப் பாடம். இருவரும் தனித்தனியாக நின்றவரை அந்தக் கார் அவர்களுக்குப் பூட்டிய வீடு. ‘கம்ப்யூட்டர் வண்டி’ என்று பயப்படும் அந்தப் பழைய கைகளில் இருக்கும் அறிவு வீணாகப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காற்றும் எரிபொருளும் பொறியும் அன்று எப்படியோ இன்றும் அப்படித்தான். வண்டி ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறது என்று இவர்கள் சொல்வதைத்தான் கம்ப்யூட்டர் பி 0300 என்கிறது. 0301 என்றால் முதல் சிலிண்டர், 0302 என்றால் இரண்டாவது. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு, எண் 0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. இதைப் புரிந்துகொள்ளக் கல்லூரிக்குப் போக வேண்டுமா?

மொழிதான் தடை. செயலிகளில் எல்லாம் ஆங்கிலம். தமிழ்ப் பள்ளியிலோ மராட்டிப் பள்ளியிலோ எட்டாவது, பத்தாவது படித்துவிட்டு ஸ்பேனர் பிடித்தவர்களுக்கு, ‘சிஸ்டம் டூ லீன், பேங்க் ஒன்’ என்றால் என்ன புரியும்? அகராதி பார்த்து ‘அமைப்பு மிக மெலிந்தது’ என்று மொழிபெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். அவர்கள் பேசும் பேச்சில் எழுத வேண்டும்: ‘காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. ஹோஸ் கிழிசல், ஃபில்டர் அடைப்பு, பம்ப் பிரஷர் பார்.’ தினமும் வரக்கூடிய முப்பது, நாற்பது எண்களுக்கு இப்படி ஒரு பக்கம் எழுதிவிட்டால் ஷெட் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். இதை எந்தக் கம்பெனியும் நமக்காகச் செய்யப் போவதில்லை.

இப்போது எதிர்ப்புகளுக்கு வருகிறேன். ‘அரைகுறை அறிவு ஆபத்து’ என்பவர்கள் சொல்வதில் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது. இந்தச் செயலிகளில் எல்லாம் எண்ணை அழிக்கும் பொத்தான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. விளக்கு அணைந்ததும் நோய் தீர்ந்த மாதிரி ஒரு திருப்தி. உண்மையில் நடப்பது என்ன? கோளாறு நிகழ்ந்த கணத்தில் எஞ்சின் எத்தனை சுற்று, எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று கார் எடுத்து வைத்திருந்த படமும் சேர்ந்து அழிந்துபோகிறது. துப்புத் துலக்க வருபவனுக்கு முன்னால் வீட்டைப் பெருக்கிக் கழுவி விட்ட மாதிரி. ஆகவே அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ள வேண்டும். திரையைப் படமெடுத்து வைத்தாலும் சரி.

ஏர்பேக் விளக்கு, ஏ.பி.எஸ். விளக்கு இரண்டும் வேறு ஜாதி. மலிவுச் செயலிகள் பொதுவாக எஞ்சினோடு மட்டும் பேசுபவை. ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் நம் பையன்கள் தொடவே கூடாது. அதில் வெடிமருந்து இருக்கிறது. அதற்குரிய இடத்துக்குத்தான் போக வேண்டும். அதேபோல் சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் டேப்லெட்டைத் தேட வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால் சிலிண்டர் எரியாமல் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். இது தெரியாமல் சிமிட்டும் விளக்கோடு நூறு கிலோ மீட்டர் ஓட்டிக் கன்வர்ட்டரைக் கருக்கியவர்கள் உண்டு.

வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சாவி எடுத்த பிறகும் அந்தச் சாக்கெட்டில் பாட்டரி மின்சாரம் இருக்கும். நாலு நாள் நிறுத்திய வண்டி செல்ஃப் எடுக்காது. பெரும்பாலான பிளக்குகளுக்குக் கடவுச் சொல் 1234 என்பது ஊருக்கே தெரியும். அடுத்த வண்டிக்காரன் உங்கள் காரோடு பேச வேண்டுமா? இதே வடிவத்தில், ‘செருகினால் பெட்ரோல் மிச்சம்’ என்று ஒரு சாமான் விற்கிறார்கள். உள்ளே சிமிட்டுகிற விளக்கைத் தவிர உருப்படியாக ஒன்றுமில்லை. அதை வாங்காதீர்கள்.

‘வெளியில் ரிப்பேர் பார்த்தால் வாரண்டி போய்விடுமே’ என்று கேட்பார்கள். எண்ணைப் படிப்பது ரிப்பேர் ஆகாது. மேலும், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினாலு கார்க் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது பலருக்குத் தெரியாது. உதிரிப் பாகங்களையும், கோளாறு பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் அந்த ஆணை சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டன. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனங்களும் ஒரு பிரிவு. ஆனால் உரிமையைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கருவி கையில் இல்லாதவனுக்கு அந்த உரிமையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நம் குடும்பங்களில் முதல் கார் அநேகமாகப் பழைய காராகத்தான் வருகிறது. வாங்கும் முன் இந்தப் பிளக்கைச் செருகிப் பார்ப்பது அவசியம். எண் எதுவும் இல்லை என்று வந்தால் உடனே மகிழ வேண்டாம். ‘ரெடினஸ்’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். கார் தன் உறுப்புகளைத் தானே சோதித்து முடித்ததா என்று அதில் வரிசையாக இருக்கும். பல சோதனைகள் முடியவில்லை என்று வந்தால் நேற்றோ இன்று காலையோ யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள், அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எண் அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்றும் பல கார்கள் சொல்லும். ‘பன்னிரண்டு கிலோ மீட்டர்’ என்று வந்தால் விற்பவரின் முகத்தைப் பாருங்கள்.

கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் திருநெல்வேலி வரை காரிலேயே போகும் வழக்கம் இப்போது கூடியிருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு கிலோ மீட்டருக்கு மேல்; நடுவில் கர்நாடகத்தில் எங்கோ விளக்கு எரிந்தால் குழந்தைகளோடு தவிக்க வேண்டியிருக்கிறது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டி நன்றாக இருக்கும்போது ஐந்தாறு எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நின்ற நிலையில் எஞ்சின் சுற்று, தண்ணீர்ச் சூடு, ஓடும்போது பாட்டரி வோல்ட், ஃப்யூயல் டிரிம். லோகோ ஷெட்டில் எஞ்சின் எண்ணெயை மாதிரி எடுத்து லாபரட்டரிக்கு அனுப்புவோம். அதில் செம்பு எத்தனை, இரும்பு எத்தனை என்று எழுதி வருவார்கள். ஒரு தடவை வந்த எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது. போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதுதான் பேரிங்கைக் காட்டிக் கொடுக்கும். காருக்கும் அப்படியே. 90 டிகிரியில் நிற்கும் வண்டி 100, 104 என்று ஏறினால், டாஷ்போர்டு முள் அசையும் முன்பே ரேடியேட்டர் ஃபேனைப் பார்க்கலாம். பல கார்களில் அந்த முள் நடுவிலேயே நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். சில கார்களில் முள்ளே கிடையாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எண்ணூறு ரூபாய் கொடுக்கலாம்.

சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு என் யோசனை இது. சங்க அலுவலகத்தில் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டு பிளக்கும், உறுப்பினர் யாராவது கொடுக்கும் பழைய டேப்லெட் இரண்டும் இருக்கட்டும். நூலகப் புத்தகம்போல் கையெழுத்துப் போட்டு மூன்று நாளைக்கு எடுத்துப் போகலாம். நகல் வகையை வாங்காமல், கொஞ்சம் நல்லதாக இரண்டாயிரம், மூவாயிரத்தில் வாங்கினால் பத்து வருஷம் உழைக்கும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கராஜ் வைத்திருக்கும் நம்மவர்களையும், அவர்கள் பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்க நான் தயார். இன்னும் இரண்டொரு ஓய்வு பெற்ற நண்பர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டிமன்றத்துக்குப் பேச்சாளரை வரவழைக்கும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. பட்டிமன்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் முன் வரிசையில் உட்காருகிறவன்தான்.

முப்பது எண்களுக்கான தமிழ்ப் பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டேன். ஆன்டாப் ஹில் நண்பர் படித்துப் பார்த்து, பாதி வார்த்தைகளை அடித்து ஷெட்டில் புழங்கும் சொல்லாக மாற்றிக் கொடுத்திருக்கிறார். ‘எரிபொருள் உட்செலுத்தி’ என்று நான் எழுதியதை அடித்துவிட்டு ‘இன்ஜெக்டர்’ என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர் இடம் கொடுத்தால் அடுத்த இதழில் கடைசிப் பக்கத்தில் வரும். கத்தரித்துச் சுவரில் ஒட்ட வசதியாகப் பின்பக்கத்தில் விளம்பரம் எதுவும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.